வழக்கில் பாட்டு ஜெயித்தது, பேண்ட் அதற்குள் கலைந்திருந்தது: ஆக்வாவின் கதை

2002 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பாப் பாட்டைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. எழுதியவர் நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி. காட்ஸில்லா, கிங்காங் என்று கிண்டலோடு தொடங்கி, வணிகச் சின்னச் (டிரேட்மார்க்) சட்டத்தை வரிவரியாக அலசிவிட்டு, இரு தரப்பாரும் கொஞ்சம் கூலாக இருங்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். வழக்குப் போட்டது பார்பி பொம்மையைத் தயாரிக்கும் மேட்டல் கம்பெனி. வழக்குக்குக் காரணம் ஆக்வா என்ற டென்மார்க் பேண்டின் 'பார்பி கேர்ள்'. ஜெயித்தது பாட்டுதான். ஆனால் தீர்ப்பு வந்த அன்று அதைக் கொண்டாட ஆக்வா என்று ஒரு பேண்ட் இல்லை. ஒரு வருஷம் முன்பே, 2001 ஜூலையில், அவரவர் வழியில் போய்விட்டார்கள்.

இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்தப் பெரிய கம்பெனி வழக்குப் போட்டே இவர்களை முடித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. வழக்கில் பிரதிவாதிகளாக இருந்தவை பாட்டை வெளியிட்ட எம்சிஏ ரெக்கார்ட்ஸும் யுனிவர்சல் இசைக் குழுமத்தின் கிளைகளும்தான், பேண்டில் இருந்த நாலு பேர் இல்லை. வக்கீல் செலவும் அலைச்சலும் கம்பெனிகளுக்குத்தான். ஆக்வாவைச் சாப்பிட்டது அவர்கள் போட்ட பாட்டே. சின்னப் பிள்ளைகளைக் குறிவைத்துத் தயாரிக்கும் பப்பிள்கம் பாப்பில் இது அடிக்கடி நடக்கிற விஷயம், ஆனால் ஆக்வா விஷயத்தில் நடந்த விதம் கொஞ்சம் வித்தியாசமானது, அதனால்தான் இதை விரிவாகவே பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பப்பிள்கம் எங்கே தொடங்கியது

1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஜெரி கேசனெட்ஸ், ஜெஃப் காட்ஸ் என்று இரண்டு தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு என்றே பாட்டு தயாரிப்பது அவர்கள் தொழில். இனிப்பு, மிட்டாய், விளையாட்டு, ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி. 1910 ஃப்ரூட்கம் கம்பெனி, ஓஹையோ எக்ஸ்பிரஸ் என்ற பெயர்களில் 1968-ல் வந்த பாட்டுகள் அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில் நாலாம் இடம் வரை போயின. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஓஹையோ எக்ஸ்பிரஸின் பெரிய ஹிட்டுகளில் கேட்கும் குரல் ஜோயி லெவின் என்ற ஸ்டுடியோ பாடகருடையது. ஊர் ஊராகப் போய் மேடையில் நின்றவர்கள் வேறு ஆட்கள். அடுத்த வருஷம் அதையும் தாண்டிப் போய்விட்டார்கள். ஆர்ச்சீஸ் என்ற 'பேண்ட்' காமிக்ஸ் புத்தகத்திலிருந்து வந்த கார்ட்டூன் பாத்திரங்கள் மட்டும்தான், உண்மையில் பாடியவர் ரான் டான்டே, கூட டோனி வைன். 'சுகர் சுகர்' 1969-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்தில் உட்கார்ந்தது.

ஆக, பழைய பப்பிள்கம்மில் பாட்டுதான் சரக்கு, பேண்ட் வெறும் உறை. உறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், கேட்கிற பிள்ளைகளுக்கும் கவலையில்லை. ஆக்வா அப்படிப்பட்ட பேண்ட் இல்லை. பாட்டை அவர்களே எழுதினார்கள், அவர்களே பாடினார்கள், மேடையிலும் அவர்களேதான் நின்றார்கள். ஆனால் பார்ப்பவர்களுக்கு மட்டும் கார்ட்டூன் மாதிரித் தெரிந்தார்கள், அதுவும் தெரிந்தேதான். அவர்கள் பலமும் அதுதான், பிற்பாடு வந்த சிக்கலும் அதுதான்.

நாலு பேர்

சோரன் ராஸ்டட், கிளவுஸ் நோரீன் இருவரும் டென்மார்க்கில் கீபோர்டும் கிடாரும் கம்ப்யூட்டருமாக இசை தயாரித்துக்கொண்டிருந்தவர்கள். 1990களின் தொடக்கத்தில் ஒரு குழந்தைகள் படத்துக்கு இசை போடும் வாய்ப்பு கிடைத்தது. அதற்கு ஒரு டிஜே தேவைப்பட்டபோது வந்து சேர்ந்தவர் ரெனே டிஃப். மொட்டைத் தலை, கரகரத்த குரல். குழந்தைகள் படத்துக்குப் போட்ட இசையிலிருந்து பிறந்த கூட்டணி என்பதைக் கவனியுங்கள், பிற்பாடு வந்த சத்தத்துக்கு அது நல்ல முன்னோட்டம்.

நாலாவது ஆள் லேனே நிஸ்ட்ரோம், நார்வேக்காரர். நார்வேக்கும் டென்மார்க்குக்கும் நடுவே ஓடும் பயணிகள் கப்பலில் பாடிக்கொண்டிருந்தார். அந்தக் கப்பலில்தான் ரெனே அவரைக் கேட்டார். நால்வரும் சேர்ந்து ஜாய்ஸ்பீட் என்று பெயர் வைத்துக்கொண்டு 1995-ல் ஒரு சிலந்திப் பாட்டு போட்டார்கள், நர்சரி ரைமை எடுத்து வேகமான டான்ஸ் தாளத்தில் ஏற்றிய பாட்டு. ஸ்வீடனில் வெளிவந்தது, பட்டியலில் தலைகாட்டியது, மறைந்தது. அந்த ஒப்பந்தத்தோடு அந்தப் பெயரும் போனது.

அப்புறம்தான் ஆக்வா. 1996-ல் யுனிவர்சலின் டேனிஷ் கிளை அவர்களை எடுத்துக்கொண்டது. அந்த வருஷ செப்டம்பரில் வந்த 'ரோஸஸ் ஆர் ரெட்' உள்ளூரில் நன்றாகப் போனது, 1997 தொடக்கத்தில் வந்த 'மை ஓ மை' டென்மார்க்கில் முதலிடம். மார்ச்சில் 'அக்வேரியம்' ஆல்பம். டென்மார்க் அப்போது ஐம்பது லட்சத்துச் சொச்சம் ஜனத்தொகை உள்ள நாடு. அங்கே மட்டும் விற்றால் கட்டுப்படியாகாது, வெளியே போயாக வேண்டும். வழி ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. விக்ஃபீல்ட் என்ற டேனிஷ் பாடகி 1994-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்திருந்தார், 'மீ அண்ட் மை' என்ற அக்கா தங்கை ஜோடி 1995-ல் ஐரோப்பாவில் ஓடியிருந்தது. எளிய ஆங்கிலம், வேகமான தாளம், கூச்சமே இல்லாத பல்லவி. ஆக்வா இதே பாதையில் வந்தவர்கள்தான், ஆனால் ஒரு விஷயத்தைக் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

அது என்னவென்றால் பாத்திரங்கள். லேனேயின் கீச்சுக்குரலும் ரெனேயின் கரகரப்பும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். ஒவ்வொரு பாட்டும் ஒரு குட்டி நாடகம், வீடியோவில் அதற்கேற்ற வேஷமும் செட்டும். டூயட் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை, ஆனால் யூரோடான்ஸ் எனப்பட்ட அன்றைய ஐரோப்பிய டான்ஸ் பாட்டுகளில் பெண் பல்லவி பாடுவார், ஆண் நடுவில் வந்து ராப் செய்துவிட்டுப் போவார், இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ஆக்வா பாட்டில் இருந்தது.

அந்தப் பாட்டு

டென்மார்க்கில் கிட்ச், அதாவது மலிவான பகட்டுப் பொருள்களின் பண்பாட்டைப் பற்றிய ஒரு கண்காட்சியில் பார்பி பொம்மைகளைப் பார்த்ததிலிருந்து சோரனுக்கு வந்த யோசனை இது. 1997 மே மாதம் 'பார்பி கேர்ள்' வெளியானது. நிமிடத்துக்குச் சுமார் 130 துடிப்பு, மூன்றேகால் நிமிடம். கேட்டால் குதூகலமாக இருக்கிறது, ஆனால் பாட்டு மைனர் ஸ்கேலில், அதாவது சோகச் சாயல் தரும் சுர வரிசையில் இருக்கிறது. பாப் டான்ஸ் பாட்டுகளில் இது வழக்கமான தந்திரம்தான், ஆனாலும் இந்த வரிகளோடு சேரும்போது வேலை செய்கிறது. பார்பியாகப் பேசும் பெண், தன்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், உடுத்திவிடலாம், களைந்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவள் ஜோடிப் பொம்மையான கென் அவளைப் பார்ட்டிக்குக் கூப்பிடுகிறான். வீடியோவில் ஒரு இடத்தில் கென் தெரியாமல் பார்பியின் கையைப் பிடுங்கிவிடுவான். எட்டு வயதுக் குழந்தைக்கு அது சிரிப்பு, முப்பது வயது ஆளுக்கு வேறு மாதிரிப் படும். இந்த இரட்டைத்தனம் தற்செயலாக வந்தது என்று நான் நம்பவில்லை. ஆல்பத்திலேயே ஒரு குறிப்பு அச்சிட்டிருந்தார்கள், இந்தப் பாட்டு ஒரு சமூக விமர்சனம், பொம்மை தயாரிப்பாளர்கள் இதை உருவாக்கவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை என்று.

பிரிட்டனில் அந்த இலையுதிர்காலத்தில் முதலிடத்துக்கு நடந்த போட்டியைப் பார்த்தால் இந்தப் பாட்டின் வீச்சு புரியும். இளவரசி டயானா இறந்ததை ஒட்டி எல்டன் ஜான் பாடிய அஞ்சலிப் பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதை இறக்கியது ஸ்பைஸ் கேர்ள்ஸ். ஸ்பைஸ் கேர்ள்ஸை ஒரே வாரத்தில் இறக்கியது ஆக்வா. நாலு வாரம் மேலே இருந்தார்கள், அந்தப் பாட்டு பிரிட்டனில் மட்டும் 18 லட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் நேராக ஏழாம் இடத்தில் நுழைந்தது. அதற்கு மேல் ஏறவில்லை, ஆனால் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த ஒரு பேண்டுக்கு அதுவே பெரிய விஷயம். 'அக்வேரியம்' அமெரிக்காவில் மூன்று மடங்கு பிளாட்டினம், அதாவது முப்பது லட்சம் பிரதிக்கான விற்பனைச் சான்று. கேபிள் டிவியில் இசைச் சேனல்கள் வந்து சேர்ந்திருந்த அந்த வருஷங்களில் இந்தியாவிலும் இந்த வீடியோவிடமிருந்து தப்பிக்க முடியாது.

இதோடு நின்றிருந்தால் ஒரு பாட்டு அதிசயம் என்று ஒதுக்கிவிடலாம். நிற்கவில்லை. 1998 பிப்ரவரியில் 'டாக்டர் ஜோன்ஸ்' பிரிட்டனில் முதலிடம், மே மாதம் 'டர்ன் பேக் டைம்' மறுபடியும் முதலிடம். அங்கே தனிப் பாட்டாக வெளியிட்ட முதல் மூன்று சிங்கிளும் முதலிடம் என்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதிலும் மூன்றாவது, 'ஸ்லைடிங் டோர்ஸ்' படத்தில் வந்த மெதுவான சோகப் பாட்டு. கார்ட்டூன் குரல் கிடையாது, ரெனே பக்கம் சத்தமே கேட்காது, லேனே தன் சொந்தக் குரலில் பாடியிருப்பார். அவர் எவ்வளவு நல்ல பாடகி என்பதற்கு இந்த ஒரு பாட்டு போதும். இதைக் கேட்டுவிட்டு இதுவும் ஆக்வாவா என்று கேட்பவர்களை இன்றும் பார்க்கலாம். சிக்கலே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மேட்டல்

மேட்டல் 1997 செப்டம்பரில் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. பார்பி எங்கள் வணிகச் சின்னம், இந்தப் பாட்டைக் கேட்கிறவர்கள் இதற்குப் பின்னால் நாங்கள் இருப்பதாக நினைத்துக் குழம்புவார்கள், தவிர இது பார்பியைப் புத்தியில்லாத கவர்ச்சிப் பொருளாக்கிப் பெயரைக் கெடுக்கிறது. சுருக்கமாக இதுதான் வாதம். பிள்ளைகள் விளையாடும் பொம்மையை விற்கும் கம்பெனி கோபப்பட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் சின்னச் சட்டம் கோபத்துக்கு மருந்து போட வந்த சட்டம் இல்லை. ஒரு பொருளை யார் தயாரித்தார்கள் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், அதுதான் அதன் அடிப்படை வேலை.

கீழ் நீதிமன்றத்தில் எம்சிஏ ஜெயித்தது. மேட்டல் மேல்முறையீடு போனது. அங்கே கோசின்ஸ்கி எடுத்துக்கொண்ட அளவுகோல் 1989-ல் இன்னொரு சர்க்யூட் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கதையும் சுவாரசியம்: இத்தாலிய இயக்குநர் ஃபெலினி ஒரு படத்துக்கு 'ஜிஞ்சர் அண்ட் ஃப்ரெட்' என்று பெயர் வைத்தார், நடிகை ஜிஞ்சர் ரோஜர்ஸ் என் பெயரை எப்படிப் போடலாம் என்று வழக்குக்குப் போனார், தோற்றார். ஒரு கலைப் படைப்பின் தலைப்பில் வரும் பெயருக்குப் படைப்போடு துளியும் சம்பந்தமில்லை என்றால், அல்லது அந்தப் பெயர் யார் தயாரித்தது என்பதில் வெளிப்படையாக ஏமாற்றுகிறது என்றால் மட்டும்தான் தடுக்கலாம் என்று அதில் சொன்னார்கள். அதை இங்கே பொருத்தினால் விடை சுலபம். பாட்டு பார்பியைப் பற்றியது, அதனால் தலைப்பில் பார்பி. மேட்டல் தயாரித்தது என்று பாட்டில் எங்கேயும் இல்லை. ஜானிஸ் ஜாப்ளின் ஒரு பாட்டில் கடவுளிடம் மெர்சிடிஸ் பென்ஸ் வாங்கிக்கொடு என்று கேட்கிறார், அதைக் கேட்டு அவரும் கார் கம்பெனியும் கூட்டுத் தொழில் தொடங்கிவிட்டார்கள் என்றா நினைப்போம் என்று கோசின்ஸ்கி கேட்டார்.

கேலி யாரைப் பற்றியது என்பதையும் தீர்ப்பு கவனித்தது. பார்பியைச் சாக்காக வைத்து வேறு யாரையோ கிண்டல் செய்திருந்தால் கதை வேறு. இங்கே கிண்டல் பார்பியையும் பார்பி எதற்கு அடையாளமோ அதையும் பற்றியது, எனவே அந்தப் பெயரைச் சொல்லாமல் கிண்டல் செய்யவே முடியாது. போகிற போக்கில் பார்பியின் பூர்வீகத்தையும் நீதிபதி நினைவுபடுத்தினார். 1950களில் ஜெர்மனியில் பெரியவர்கள் வாங்கிய ஒரு கவர்ச்சிப் பொம்மைதான் மூதாதை, அதை மாற்றித்தான் மேட்டல் குழந்தைகளுக்குக் கொடுத்தது. பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்ற வாதத்துக்கு அந்த இரண்டு வரி போதும்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது, பொதுவாக யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. புகழ்பெற்ற சின்னங்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு பாதுகாப்பு உண்டு. யாரும் குழம்பாவிட்டாலும் சரி, அந்தப் பெயரின் தனித்தன்மை நீர்த்துப்போனால் அதுவும் தவறு. இதில் கோசின்ஸ்கி மேட்டல் சொன்னதை ஒப்புக்கொண்டார். இனி பார்பி என்ற பெயரைக் கேட்டால் சிலருக்குப் பொம்மையோடு பாட்டும் சேர்ந்து நினைவுக்கு வரும், ஆகவே நீர்த்துப்போனது உண்மைதான். ஆனால் வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. லட்சக்கணக்கில் விற்ற பாட்டு எப்படி வணிகம் அல்லாதது என்று கேட்கலாம். பாட்டு விற்கிறது, சரி. ஆனால் அது விற்பனை விளம்பரம் மட்டுமே இல்லை, ஒரு கருத்தும் சொல்கிறது. அப்படியிருந்தால் அதை வெறும் வணிகப் பேச்சாக நடத்த முடியாது என்பது அவர் விடை. சிரித்துக்கொண்டே எழுதிய தீர்ப்பில் ரொம்ப நுணுக்கமான பகுதி இதுதான்.

அப்புறம் அவதூறு சமாச்சாரம். ஆல்பத்தில் மறுப்புக் குறிப்பு இருக்கிறதே என்று எம்சிஏ தரப்பு சொன்னபோது, மேட்டல் தரப்பில் பேசியவர், கொள்ளையடிக்கும்போதே வங்கிக் காசாளரிடம் மன்னிப்புச் சீட்டு நீட்டுகிற கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறது இது என்று சொல்லிவிட்டார். அதற்கு எம்சிஏ பதிலுக்கு அவதூறு வழக்கு. கோபத்தில் கூட்டிப் பேசிய பேச்சு, அதை யாரும் நிஜமான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அதையும் தள்ளிவிட்டார் நீதிபதி. கூலாக இருங்கள் என்ற கடைசி வரி வருவது இதற்குப் பிறகுதான். 2003 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மேட்டலின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்தது. வழக்கு முடிந்தது.

பேண்டுக்கு என்ன ஆனது

வழக்கு ஓடிய ஐந்து வருஷத்தில் பேண்டுக்கு நடந்ததைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு தண்டவாளத்தில் ஓடியவை. வழக்கு ஒரு நாளும் பாட்டை நிறுத்தவில்லை. செய்தியில் பெயர் அடிபட்டது விற்பனைக்கு உதவியிருக்கும் என்றுகூடச் சொல்லலாம்.

முதல் ஆல்பத்தை வைத்துக்கொண்டு உலகம் சுற்றியே 1998 போனது. இரண்டாவது ஆல்பம் 'அக்வேரியஸ்' 2000 பிப்ரவரியில்தான் வந்தது, அதாவது மூன்று வருஷ இடைவெளி. பப்பிள்கம்முக்கு அது ஒரு தலைமுறை. முதல் ஆல்பம் வாங்கிய பத்து வயதுப் பெண்ணுக்கு இப்போது பதின்மூன்று, ஆக்வா கேட்பதை வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். புதிதாகப் பத்து வயதான பிள்ளைகளுக்கு வேறு பேண்டுகள் வந்துவிட்டன. ஆக்வா திறந்த கதவு வழியாகவே டாய்பாக்ஸ், கார்ட்டூன்ஸ் என்று டென்மார்க்கிலிருந்தே ஆட்கள் புகுந்திருந்தார்கள், கார்ட்டூன்ஸ் 1999-ல் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டது.

'அக்வேரியஸ்' மோசமான ஆல்பம் இல்லை. முதல் ஆல்பத்தைவிடப் பாட்டுகளில் வகை அதிகம், இசை ஏற்பாடு கனமானது, லேனேயின் இயல்பான குரலுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் எதை முதல் சிங்கிளாக அனுப்பினார்கள் என்று பாருங்கள்: 'கார்ட்டூன் ஹீரோஸ்'. பிரம்மாண்ட வீடியோ, டென்மார்க்கில் முதலிடம், பிரிட்டனில் ஏழு. அடுத்து 'அரவுண்ட் த வேர்ல்ட்', பிரிட்டனில் இருபத்தாறு. அமெரிக்காவில் அந்த ஆல்பத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. வளர விரும்பிய பேண்ட், பழைய வேஷத்திலேயே கதவைத் தட்டியது. கார்ட்டூன் ரசிகர்கள் வளர்ந்துவிட்டார்கள், வளர்ந்தவர்கள் வேஷத்தைப் பார்த்ததும் உள்ளே வரவில்லை. 'டர்ன் பேக் டைம்' பக்கம் திரும்ப 1998-ல் ஒரு வாய்ப்பு இருந்தது, அந்தப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வீண் கேள்விதான், ஆனால் நான் அடிக்கடி கேட்டுக்கொள்வதுண்டு.

இங்கேதான் பழைய பப்பிள்கம்மோடு ஒப்பிட வேண்டும். ஜோயி லெவினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஓஹையோ எக்ஸ்பிரஸ் போனால் வேறு பெயரில் பாடலாம், அவர் முகம் யாருக்குத் தெரியும்? ரான் டான்டே ஆர்ச்சீஸ் ஆல்பங்களை முடித்துவிட்டு இசைத் தயாரிப்பாளராகப் போய் வெற்றியும் பெற்றார். உறை போலி என்பதால் உள்ளே இருந்தவர் சேதமில்லாமல் வெளியே வர முடிந்தது. ஆக்வாவில் உறையும் ஆளும் ஒன்று. பார்பி யார் என்றால் லேனே, கென் யார் என்றால் ரெனே, உலகம் முழுக்கத் தெரியும். வேஷத்தைக் கழற்றினால் தோலும் சேர்ந்து வரும் நிலைமை.

2001 மே மாதம் கோபன்ஹேகனில் யூரோவிஷன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி நடந்தது, இடைவேளை நிகழ்ச்சியில் ஆக்வா தங்கள் ஹிட்டுகளைக் கோத்துப் பாடியது. இரண்டு மாதம் கழித்துக் கலைந்தார்கள். பெரிய சண்டை, போலீஸ், பத்திரிகை அமளி எதுவும் இல்லை. வருஷக்கணக்கில் சுற்றிய களைப்பும், அவரவர் தனியாக ஏதாவது செய்யலாம் என்ற எண்ணமும்தான். அதே வருஷம் லேனேயும் சோரனும் திருமணம் செய்துகொண்டார்கள் (2017-ல் பிரிந்தார்கள், பேண்டில் தொடர்ந்து சேர்ந்தே வேலை செய்தார்கள் என்பது ஆச்சரியம்தான்). லேனே 2003-ல் ஒரு தனி ஆல்பம் போட்டார், பெரிதாகப் போகவில்லை. சோரன் லேசிபாய் என்ற பெயரில் பேச்சும் தாளமும் கலந்த பாட்டுகள் செய்தார், பிறகு தன் உறவுக்காரப் பையனோடு ஹே மேத்தமேட்டிக் என்று டேனிஷ் மொழி பேண்ட் தொடங்கி உள்ளூரில் நன்றாகவே ஓடினார். அவர் ஒருவர்தான் பார்பியின் நிழலிலிருந்து கொஞ்சமாவது தள்ளி நின்றவர். அவர் மேடையில் பார்பியாகவோ கென்னாகவோ வேஷம் கட்டவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

திரும்பி வந்த பிறகு

2007 கடைசியில் மறுபடி சேர்வதாக அறிவித்தார்கள், 2008 கோடையில் டென்மார்க்கில் ஊர் ஊராகப் போகும் 'க்ரோன் கொன்செர்ட்' விழாவில் பாடினார்கள். 2009-ல் ஹிட்டுகளின் தொகுப்பும், கூடவே 'பேக் டு தி எய்ட்டீஸ்' என்ற புதுப் பாட்டும். அந்தப் பாட்டு டென்மார்க்கில் முதலிடம். 2011-ல் 'மெகலோமேனியா' என்று ஒரு முழு ஆல்பம், அன்றைய கிளப் இசைக்கு ஏற்ற சத்தத்தில். வெளிநாட்டில் சலனமே இல்லை. அதே வருஷம் ரோலிங் ஸ்டோன் வாசகர்கள் 1990களின் மோசமான பாட்டு எது என்ற கேள்விக்கு 'பார்பி கேர்ள்' என்று வாக்களித்து முதலிடம் கொடுத்தார்கள். புது ஆல்பம் போட்ட வருஷத்திலும் பேச்சு பழைய பாட்டைப் பற்றித்தான். கிளவுஸ் 2016-ல் விலகினார், மற்ற மூவரும் தொண்ணூறுகள் ஏக்க நிகழ்ச்சிகளில், ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா என்று சுற்றிவந்தார்கள்.

இதற்குள் மேட்டல் பக்கம் காற்று மாறிவிட்டது. 2009-ல் பார்பிக்கு ஐம்பது வயதானபோது, அதே கம்பெனி அதே பாட்டை உரிமம் வாங்கி, வரிகளைச் சாதுவாக மாற்றித் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. ஆறு வருஷம் முன்பு வரை நீதிமன்றத்தில் அழிக்கப் பார்த்த பாட்டு. கெட்டிக்காரத்தனம் என்பேன், வெட்கமின்மை என்றாலும் நான் மறுக்க மாட்டேன்.

2023-ல் இரண்டு விஷயம் ஆறு வார இடைவெளியில் நடந்தது. ஜூன் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நாய் பொம்மை வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஜாக் டேனியல்ஸ் விஸ்கி பாட்டிலைக் கிண்டல் செய்து தயாரித்த பொம்மை அது. ஜிஞ்சர் ரோஜர்ஸ் வழக்கின் அளவுகோலை எல்லாக் கேலிக்கும் நீட்ட முடியாது, சின்னத்தைத் தன் சரக்கின் அடையாளமாகவே பயன்படுத்தினால் அந்தச் சலுகை கிடையாது என்று நீதிபதி எலெனா கேகன் குறுக்கினார். ஆனால் அந்த அளவுகோல் சரியாகப் பொருந்தும் இடத்துக்கு உதாரணமாக அவர் எடுத்துக்காட்டியது ஆக்வா வழக்கைத்தான். பேண்ட் பார்பி பெயரைத் தன் அடையாளமாக வைத்துக்கொள்ளவில்லையே என்பது காரணம். சட்டப்படி சரி. ஆனால் தெருவில் நாலு பேரிடம் ஆக்வா யார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஜூலை 21 அன்று பார்பி படம் வந்தது. நிக்கி மினாஜும் ஐஸ் ஸ்பைஸும் பாடிய 'பார்பி வேர்ல்ட்' படத்தில் இருந்தது, பழைய பாட்டின் துண்டு அதன் அடித்தளம், கலைஞர்கள் பட்டியலில் ஆக்வா பெயரும் போட்டார்கள். அமெரிக்காவில் ஏழாம் இடம் வரை போனது. 1997-ல் மூலப் பாட்டு தொட்ட அதே ஏழு. கிராமி பரிந்துரையும் கிடைத்தது. அசல் வீடியோ யூடியூபில் 100 கோடி பார்வையைத் தாண்டிவிட்டது.

2025 ஜூலையில், மேடை பேண்டாக ஆக்வாவை முடித்துக்கொள்வதாக மூவரும் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் போட்டவர்கள் தலைப்பிலேயே 'பார்பி கேர்ள்' பேண்ட் என்றுதான் போட்டார்கள். ஆக்வாவைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை, முதலில் 'டர்ன் பேக் டைம்', அப்புறம் 'அக்வேரியஸ்' ஆல்பத்தை முழுசாக ஒரு தடவை. பார்பியைத் தனியாகத் தேடிப் போக வேண்டாம், அது எப்படியும் ஏதாவது ஒரு கல்யாண ரிசப்ஷனில் உங்களைக் கண்டுபிடித்துவிடும்.